ஒன்றும் செய்யாது

பத்தொன்பது வருஷமாகக் காசெல் நகரில்
தபால் போடுகிறேன்.
இடது கெண்டைக்காலில் நான்கு தையல்.
கடித்தது ரோட்வைலர் இல்லை.
உடம்பு நீண்டு கால் குட்டையான
ஒரு டாக்ஸ்ஹுண்ட்,
கழுத்தில் நீலப் பட்டு ரிப்பன்.
குரைத்துக்கொண்டேதான் வந்தது.
குரைக்கிற நாய் கடிக்காது என்பவர்கள்
ஒரு வாரம் என் பையைச் சுமந்து பார்க்கட்டும்.

படலருகே நின்று திருமதி கூன்கெ சொன்னாள்:
"பயப்படாதே, ஒன்றும் செய்யாது."
அவள் சொல்லி முடிக்கவும்
பல் இறங்கவும் சரியாக இருந்தது.

அன்றிலிருந்து
அந்த இரண்டு சொல்லை யார் சொன்னாலும்
என்னைக் கேட்காமலே
கால் ஓரடி பின்னால் போகும்.

பிறகு எர்ப்ஸே வந்தாள்.
பட்டாணி என்று அர்த்தம்.
நாற்பத்திரண்டு கிலோ பட்டாணி.
காப்பகத்தின் கடைசிக் கூண்டில் பதினாலு மாதம்,
எவரும் இரண்டாவது முறை வந்து பார்க்காத பெண்.
ஏன் கூட்டிவந்தேன் என்று கேட்டால்
நேரான பதில் என்னிடம் இல்லை.
மழை பெய்தது, பேருந்து போய்விட்டது,
அவள் என் ஷூவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டியலில் உள்ள இனம்.
வரிப் படிவத்தில் அவளுக்குத் தனிக் கட்டம்,
வரியும் தனி.
வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம், காப்பீட்டுக்கு ஒரு கடிதம்,
பிறகு குணப் பரீட்சை.

மூடிக் கிடந்த கடையின் பின்புறம், கார் நிறுத்துமிடம்.
டாக்டர் விட்டிஷ் அவள் முகத்துக்கு நேரே
பட்டென்று குடை விரித்தார்.
ஒருவன் குடிகாரனாகத் தள்ளாடி வந்தான்,
நன்றாகவே நடித்தான்.
தள்ளுவண்டியில் ஒரு பொம்மை
பேட்டரியில் வீறிட்டு அழுதது.
எர்ப்ஸே பொம்மையைப் பார்த்துத் தும்மினாள்.
வேறொன்றும் நடக்கவில்லை.
சான்றிதழில் எழுதியிருந்தது:
நாய் - அமைதி.
உரிமையாளர் - குடைக்குத் துள்ளினார்.

அவர் சோதிக்காத ஒன்றும் இருக்கிறது.
ஃபுல்டா ஆற்றங்கரையில், இரவு பதினொன்றுக்கு,
பாட்டிலும் கையுமாக வழிமறித்து நிற்கும் பையன்கள்
அவளைப் பார்த்ததும்
பேச்சை நிறுத்தி, ஒதுங்கி, வழி விட்டார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
வீடு வரை பிடித்திருந்தது.
இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச்சில் செய்தித்தாளில் ஒரு பத்தி.
வேறு ஊர். இதே இனம். ஆறு வயதுச் சிறுவன்.
நான்கு முறை படித்தேன்.
அவன் தாயும் அந்த நாயின் சொந்தக்காரரும்
ஒரே மாடியில் குடியிருந்தவர்களாம்.
அந்த ஆளும் அந்த இரண்டு சொல்லை
எத்தனை காலையில் சொல்லியிருப்பார்?

அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை.
கம்பளத்தில் படுத்தபடியே
எர்ப்ஸே கனவில் ஓடினாள்,
பாதங்கள் துடித்தன, உதடு ஒருமுறை மேலேறியது.
எதைத் துரத்துகிறாள்,
அல்லது எது அவளைத் துரத்துகிறது?
பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்,
தொடவில்லை.

காலையில் வாய்க்கூடையை எடுத்தேன்.
தானாக வந்து மூக்கை நுழைத்தாள்.
நம்பிக்கை என்று சொல்ல ஆசைதான்.
உள்ளே ஒரு துண்டு ஈரல் வைத்திருந்தேன்.

மாடிப்படியில் மூன்றாம் தளத்து நெஹிர்,
கையில் ஆப்பிள் சாறு.
"கடிக்குமா?"

இரண்டு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது,
ரிப்பன் கட்டிக்கொண்டு, வாலாட்டிக்கொண்டு.
கயிற்றை இன்னும் இரண்டு சுற்று
கையில் சுற்றிக்கொண்டேன்.
"தெரியாது. அதனால்தான் பிடித்திருக்கிறேன்."

அவள் யோசித்தாள்.
கோப்பையைச் சுவர்ப் பக்கக் கைக்கு மாற்றினாள்.
"சரி" என்று சொல்லி
சுவரோடு சுவராக இறங்கிப் போனாள்.

மறுநாள் அதே படி, அதே சாறு.
"இன்றைக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லை."